கூட்டாட்சி நீதிபதிகள் தேர்வில் இரு கட்சி உடன்பாடு: 60 வாக்கு விதியை மீட்டால் போதுமா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு நீதிபதிகளை நியமிக்கும்போது, முன்பெல்லாம் செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து வாக்களித்தார்கள். 1986இல் ஸ்கேலியாவுக்கு 98–0, 1993இல் கின்ஸ்பர்க்குக்கு 96–3. இன்று மாவட்ட நீதிபதிக்குக்கூடக் கட்சி பார்த்துத்தான் பெரும்பாலும் வாக்கு விழுகிறது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்குகள் வேண்டும் என்ற பழைய விதியை நீதிபதி நியமனங்களுக்கும் திரும்பக் கொண்டுவந்தால் இந்த நோய் தீரும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டா?

ஆகஸ்ட் 2, இரவு

நான் மறுக்கிறேன். ஸ்கேலியாவுக்கு 98 வாக்குகள் விழுந்த 1986இலும் 60 வாக்கு விதி நடப்பில் இருந்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் முன்மொழிந்த மேல்முறையீட்டு நீதிபதிகள் பத்துப் பேரை 2003, 2004 ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சியினர் தடுத்து நிறுத்தியபோதும் அதே விதிதான் இருந்தது. ஒரே விதியின் கீழ் ஒருமித்த வாக்கெடுப்பும் முற்றுகையும் நடந்திருக்கின்றன என்றால், உடன்பாட்டை உண்டாக்கியது அந்த விதியாக இருக்க முடியாது. அதற்குப் பின்னால் இருந்தது என்ன என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

ஆகஸ்ட் 3

இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி, 2005 மே 23 அன்று பதினான்கு செனட்டர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை. அதை நல்லெண்ணத்தின் வெற்றி என்று எழுதுகிறார்கள். அன்றைய கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

குடியரசுக் கட்சிக்கு 55 இடங்கள். ஜனநாயகக் கட்சிக்கு 44. அவர்களோடு சேர்ந்திருந்த சுயேச்சை ஒருவர். பெரும்பான்மைத் தலைவர் பில் ஃபிரிஸ்ட், நீதிபதி நியமனங்களுக்கு 60 வாக்குத் தேவையை எளிய பெரும்பான்மையாலேயே நீக்கிவிடப் போவதாக அறிவித்திருந்தார். அதைத்தான் ‘அணுகுண்டு வழி’ என்றார்கள். சிறுபான்மையினரோ அப்படிச் செய்தால் அவையின் அன்றாட அலுவல்களையே முடக்கிவிடுவோம் என்றார்கள். இந்த நிலையில் குடியரசுக் கட்சியிலிருந்து ஏழு பேர் விலகினால் ஃபிரிஸ்டிடம் 48 வாக்குகளே மிஞ்சும். விதியை மாற்ற அது போதாது. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஏழு பேர் விலகினால் 38 மிஞ்சும். விவாதத்தை நீட்டித் தடுக்க 41 வேண்டும், அதுவும் போதாது. ஆகவே அந்தப் பதினான்கு பேரும் தத்தம் கட்சியின் ஆயுதத்தை ஒரே நேரத்தில் பறித்து வைத்தார்கள். ஒரு தரப்பு மட்டும் பறித்திருந்தால் அது சரணாகதி ஆகியிருக்கும்.

கையெழுத்திட்டவர்கள் யாரென்று கேட்ட வாசகருக்காக: குடியரசுக் கட்சியில் மெக்கெய்ன், வார்னர், கிரஹாம், காலின்ஸ், ஸ்னோ, டிவைன், சேஃபி, ஜனநாயகக் கட்சியில் பென் நெல்சன், பர்ட், லீபர்மன், இனூயே, லாண்ட்ரூ, மார்க் பிரையர், சலசார். வெஸ்ட் வர்ஜீனியாவின் பர்டைப் போல அவையின் மரபுகளில் ஊறிய முதியவர்களும் இருந்தார்கள். சலசாரைப் போல அப்போதுதான் அவைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். பலருக்கு, சொந்த மாநிலத்தில் எதிர்க்கட்சி வாக்காளர்களின் ஆதரவு இல்லாமல் அடுத்த தேர்தலில் வெல்ல முடியாது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகஸ்ட் 3, பின்னிரவு

உடன்படிக்கை எதைக் கொடுத்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். பிரிசில்லா ஓவன், ஜானிஸ் ரோஜர்ஸ் பிரவுன், வில்லியம் பிரையர் ஆகிய மூவருக்கும் வாக்கெடுப்பு உண்டு என்றது. வில்லியம் மையர்ஸ், ஹென்றி சாத் ஆகிய இருவருக்கும் எந்த உறுதியும் இல்லை என்றது. வருங்கால நியமனங்களை ‘அசாதாரணச் சூழ்நிலைகளில்’ மட்டுமே தடுப்பது என்றும், எது அசாதாரணம் என்பதைக் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் தாமே தீர்மானிப்பது என்றும் எழுதியது. குடியரசுத் தலைவர் பெயர்களை அனுப்புவதற்கு முன்பே இரு கட்சிச் செனட்டர்களையும் கலந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

மூவரும் சில வாரங்களுக்குள் உறுதி செய்யப்பட்டார்கள்: ஓவன் 55–43, பிரவுன் 56–43, பிரையர் 53–45. இவர்களில் ஒருவர்கூட நடுநிலை வேட்பாளர் அல்லர். மூவரும் உறுதியான பழமைவாதிகள். இரு கட்சி உடன்பாடு என்றால் நடுவில் நிற்கும் மனிதரைத் தேர்ந்தெடுப்பது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த உடன்பாடு வேட்பாளர்களின் கருத்துகளைத் தொடவே இல்லை. யாரைத் தடுக்கலாம், யாரைத் தடுக்கக்கூடாது என்பதைப் பங்கிட்டது, அவ்வளவுதான். கடைசியில் சொன்ன கலந்தாலோசனை வேண்டுகோள்தான் அதில் இருந்த மிக நல்ல வரி. அதற்குப் பின்னால் எந்தக் கட்டாயமும் வைக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 5

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு பெயரை இங்கே சொல்ல வேண்டும். ஸ்ரீ ஸ்ரீநிவாசன் சண்டிகரில் பிறந்தவர். தந்தையின் ஊர் திருநெல்வேலிக்கு அருகே மேலத்திருவேங்கடநாதபுரம். தந்தை கணிதப் பேராசிரியராகப் பணிபுரிந்த கன்சாஸ் மாநிலத்து லாரன்சில் வளர்ந்தவர். ரேகன் நியமித்த இரு நீதிபதிகளிடம், அதாவது வில்கின்சனிடமும் பின்னர் உச்ச நீதிமன்றத்தின் சாண்ட்ரா டே ஓ’கானரிடமும், சட்ட எழுத்தராகப் பணியாற்றினார். அரசின் வழக்குரைஞர் அலுவலகத்தில் புஷ் காலத்திலும் ஒபாமா காலத்திலும் இருந்தார். வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா அவரை முன்மொழிந்தபோது செனட் 97–0 என்று உறுதி செய்தது. அந்த நாள் 2013 மே 23. பதினால்வர் உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாக எட்டு ஆண்டுகள்.

அந்தச் செய்தியைப் படித்த மாலையில் நாங்கள் சிலர் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தோம். நம் பக்கத்து மனிதர் என்ற மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது அந்த சுழியம். இரு கட்சிகளின் ஆட்சியிலும் ஒருவரின் வேலையை இரு தரப்பினரும் அருகிலிருந்து பார்த்திருந்தால் இப்படி ஒரு வாக்கு இன்னும் கிடைக்கும் என்று நான் நம்பினேன்.

ஆனால் ஆறே மாதத்தில், அதே நீதிமன்றத்தை முன்னிட்டே எல்லாம் உடைந்தது. ஸ்ரீநிவாசன் வந்த பிறகு அங்கே பணியில் இருந்த எட்டு நீதிபதிகளும் இரு கட்சிக் குடியரசுத் தலைவர்களாலும் சமமாக நியமிக்கப்பட்டவர்கள், நான்குக்கு நான்கு. பதினொரு இடங்களில் மூன்று காலி. அந்த மூன்றுக்கும் பட்ரீசியா மில்லெட், கார்னீலியா பில்லார்ட், ராபர்ட் வில்கின்ஸ் ஆகியோரை ஒபாமா முன்மொழிந்தார். குடியரசுக் கட்சியினர் அந்த மூவரின் தகுதியைக் கேள்வி கேட்பதைவிட, நீதிமன்றத்துக்கு அவ்வளவு வேலையே இல்லை, அந்த மூன்று இடங்களே தேவையில்லை என்று வாதிட்டார்கள். அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே மூவரும் அடுத்தடுத்துத் தடுக்கப்பட்டார்கள். நவம்பர் 21 அன்று, அப்போதைய பெரும்பான்மைத் தலைவரான ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் 52–48 என்ற வாக்கில் விதியை மாற்றினார். உச்ச நீதிமன்றம் நீங்கலாக எல்லா நீதிபதிகளுக்கும் எளிய பெரும்பான்மை போதும் என்றானது.

அன்று தம் கட்சியை எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் மூவர்: லெவின், மான்ச்சின், மார்க் பிரையர். பதினால்வரில் ஒருவரான பிரையர் தம் கையெழுத்தை அன்றும் மதித்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 2017 ஏப்ரல் 6 அன்று, டிரம்ப் முன்மொழிந்த கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் அதே மாற்றத்தைக் குடியரசுக் கட்சியினர் செய்தபோது, அவையில் எஞ்சியிருந்த மெக்கெய்ன், கிரஹாம், காலின்ஸ் மூவரும் மாற்றத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள்.

ஆகஸ்ட் 6

“இதெல்லாம் செனட்டர்களின் கௌரவப் பிரச்சினை, சாதாரண மனிதருக்கு இதில் என்ன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே அந்த வழியாகத்தான்.

நான் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பகுதியில், ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். பெரும்பாலும் சம்பளப் பாக்கி வழக்குகள். திராட்சைத் தோட்டங்களிலும் பாதாம் தோப்புகளிலும் வேலை செய்தவர்கள், மிகைநேரக் கூலி கிடைக்காதவர்கள். எங்கள் பகுதிக்கான கிழக்குக் கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றத்துக்கு 1978 முதல் ஆறு நிரந்தர நீதிபதி இடங்கள்தான். அதற்குப் பிறகு மக்கள்தொகை எண்பது லட்சத்தைத் தாண்டியும் அந்த எண்ணிக்கை கூடவில்லை. 2020 தொடக்கத்தில் ஃபிரெஸ்னோவில் முழுநேரப் பணியில் எஞ்சியவர் டேல் டிராஸ்ட் என்ற ஒரே நீதிபதி. தம்மிடம் குவிந்த வழக்குகளின் பாரத்தைச் சொல்லி, இதை நீதித்துறை நெருக்கடி என்று அறிவித்து அவர் ஓர் ஆணையே பிறப்பித்தார். குற்றவியல் வழக்குகளைக் குறித்த காலத்துக்குள் விசாரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே கூலிப் பாக்கி போன்ற குடிமையியல் வழக்குகள் பின்னுக்குப் போயின.

அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன ஒரு பெரியவர், ஒவ்வொரு முறையும் வெயிலில் வெளுத்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீதிபதி நம் தாளைப் படித்துவிட்டாரா என்று கேட்பார். எதிர்த்தரப்பு நிறுவனம் காத்திருக்கக் கூடியது. அவரால் முடியாது. கடைசியில், வர வேண்டிய தொகையில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தது என்று எங்கள் வழக்கறிஞர் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 2021 டிசம்பரில்தான் ஜெனிபர் தர்ஸ்டன் செனட்டில் உறுதி செய்யப்பட்டு அந்த நீதிமன்றத்துக்கு ஒரு புதிய நீதிபதி கிடைத்தார்.

காலியிடம் என்பது வாஷிங்டனில் ஒரு எண். ஃபிரெஸ்னோவில் அது, கூலியை இழந்தவரைப் பாதித் தொகைக்குச் சம்மதிக்க வைக்கும் பலம். நீதிபதி எந்தக் கட்சித் தலைவரால் நியமிக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பெரியவருக்கு ஒன்றுதான். நாற்காலியில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

ஆகஸ்ட் 2இல் தேடச் சொன்ன பொருளுக்கு வருகிறேன். என் கருத்தில், எதிர்க்கட்சிக்கு வெறும் தடுக்கும் உரிமையைக் கொடுத்தால் அது தடுக்கவே செய்யும். தேர்வில் ஒரு பங்கைக் கொடுத்தால்தான் மறுமுறை அதே மேசைக்கு வரும். இதற்கு மிகச் சிறந்த சான்று நியூயார்க்.

ஜனநாயகக் கட்சியின் மாய்னிஹனும் குடியரசுக் கட்சியின் டமாட்டோவும் அந்த மாநிலத்தின் செனட்டர்களாக இருந்தபோது, மாவட்ட நீதிபதி இடங்களில் நான்கில் மூன்றுக்குக் குடியரசுத் தலைவரின் கட்சியைச் சேர்ந்த செனட்டரும், நான்கில் ஒன்றுக்கு மற்றவரும் பெயர் சொல்வது என்ற ஏற்பாடு இருந்தது. அந்த நான்கில் ஒரு பங்கில்தான் மாய்னிஹன், பிராங்க்ஸில் பிறந்த ஒரு இளம் வழக்கறிஞரின் பெயரைக் கொடுத்தார். சோனியா சோட்டோமேயரை 1991இல் மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் மூத்த புஷ். அதற்கு அடிப்படை மாய்னிஹனின் பரிந்துரை. 1992 ஆகஸ்டில் எதிர்ப்பில்லாமல் உறுதி செய்யப்பட்டார். பிறகு 1998இல் கிளின்டன் அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தியபோது டமாட்டோ ஆதரித்தார். 2009இல் 68–31 வாக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் கேசியும் குடியரசுக் கட்சிச் செனட்டர் டூமியும் பின்னர் இதே போன்ற பங்கீட்டைப் பின்பற்றினார்கள். இருவருக்கும் அநேகமாக எந்தக் கொள்கையிலும் ஒற்றுமை இல்லை. ஆயினும் அந்த மாநிலத்தின் மாவட்ட நீதிமன்ற இடங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. ஏன் என்பது எளிது. இன்று உங்கள் மூன்றை நான் தடுத்தால் நாளை என் ஒன்றை இழப்பேன். ஆட்சி மாறினால் என் ஒன்று மூன்றாகும்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதற்கு ஒரு வாசகர், மாநில அளவில் இரு கட்சித் தேர்வுக் குழுக்கள் இருந்தாலே போதுமே என்கிறார். விஸ்கான்சினைப் பாருங்கள். அங்கே 1979 முதல் அத்தகைய குழு இருக்கிறது. அண்மைக் காலத்தில் இரு செனட்டர்களும் ஆளுக்கு மூவரை நியமிக்க, ஆறில் ஐந்து பேர் சம்மதித்த பெயரே முன்செல்லும் என்ற ஏற்பாடு இருந்தது. காகிதத்தில் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விஸ்கான்சினுக்குரிய ஒரு இடம் 2010 ஜனவரியில் காலியானது. மாநிலத்தின் இரு செனட்டர்களும் ஜனநாயகக் கட்சியினராக இருந்தபோது ஒபாமா விக்டோரியா நோர்ஸை முன்மொழிந்தார். அந்த நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சன் வென்று வந்தார். குழு தம் பங்கேற்பு இல்லாமல் நடந்தது என்று சொல்லி ஒப்புதல் சீட்டைத் திருப்பி அனுப்பவில்லை. நியமனம் இறந்தது. 2017இல் டிரம்ப் மைக்கேல் பிரென்னனை முன்மொழிந்தபோது, குழுவில் அவருக்குத் தேவையான ஐந்து வாக்குகள் கிடைக்கவில்லை என்று சொல்லி ஜனநாயகக் கட்சிச் செனட்டர் டாமி பால்ட்வின் சீட்டை அனுப்பவில்லை. செனட் அதைப் பொருட்படுத்தாமல் 2018இல் 49–46 வாக்கில் பிரென்னனை உறுதி செய்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. குழு பரிந்துரைக்கலாம்; அதன் பரிந்துரையைப் புறக்கணிப்பவருக்கு ஏதாவது இழப்பு இருந்தால்தான் குழுவுக்கு உயிர் இருக்கும்.

ஆகஸ்ட் 14

சீட்டு என்று சொல்லிவிட்டு விளக்காமல் விட்டேன். ஒரு மாநிலத்துக்குரிய நீதிபதி இடத்துக்குப் பெயர் வந்ததும், செனட்டின் நீதிக் குழு அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களுக்கும் நீலத் தாளில் கருத்துக் கேட்டு அனுப்பும். 1917 வாக்கில் தொடங்கிய வழக்கம். சட்டத்திலும் இல்லை, செனட்டின் நிலையான விதிகளிலும் இல்லை. குழுத் தலைவர் எவ்வளவு மதிக்கிறாரோ அவ்வளவுதான் அதன் பலம். இன்று மாவட்ட நீதிபதிகளுக்கு அது இன்னும் செல்லும்; மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு டிரம்பின் முதல் ஆட்சியில் கிராஸ்லி தலைவராக இருந்தபோது செல்லாமல் போனது, பைடன் காலத்திலும் அந்த நிலை மாறவில்லை.

இரு கட்சி உடன்பாட்டின் கடைசி நூலிழை நீலச் சீட்டு என்று நான் பல இடங்களில் வாதாடியிருக்கிறேன். ஆனால் அதன் வரலாற்றைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1956 முதல் 1978 வரை நீதிக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். இனப்பாகுபாட்டை வெளிப்படையாகக் காத்தவர். ஒரே ஒரு செனட்டர் சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டாலும் நியமனம் முடிந்தது என்ற கடுமையை நிலைநாட்டியவர் அவர்தான். தென் மாநிலங்களில் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் தீர்ப்புகள் மாவட்ட நீதிபதிகளின் கையில் இருந்த காலம் அது; தமக்குப் பிடிக்காத நீதிபதி அங்கே வரவிடாமல் தென் மாநிலச் செனட்டர்கள் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி மிசிசிப்பிக்கு நியமித்த வில்லியம் ஹாரல்ட் காக்ஸ், ஈஸ்ட்லாண்டின் கல்லூரிக் கால நண்பர். நீதிமன்ற மேடையிலிருந்தே கறுப்பினத்தவரை இழித்துப் பேசியவர். 1964இல் மிசிசிப்பியில் மூன்று குடிமை உரிமைப் போராளிகள் கொல்லப்பட்ட வழக்கில் குற்றச்சாட்டுகளின் பெரும்பகுதியை அவர் தள்ளுபடி செய்ய, 1966இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

அதுவும் ஒருவகை உடன்பாடுதான். மேசையில் அமர்ந்திருந்த எல்லோரும் திருப்தியாகவே இருந்தார்கள். மேசையில் இடமே இல்லாத, வாக்குச் சாவடிக்குள்ளேயே விடப்படாத மக்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். 1979இல் செனட்டர் எட்வர்ட் கென்னடி குழுத் தலைவரானதும் அந்தக் கடுமையைத் தளர்த்தியதை, அதனால்தான், உடன்பாட்டைக் குலைத்த செயலாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதே கேள்வி பிற்காலத்திலும் வருகிறது. வட கரோலினாவின் ஜேம்ஸ் வின் என்ற கறுப்பின நீதிபதியை நான்காவது வட்ட நீதிமன்றத்துக்கு 1999இல் கிளின்டன் முன்மொழிந்தார். அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தடுத்தார். அந்த நீதிமன்றத்தில் அதுவரை கறுப்பின நீதிபதி ஒருவர்கூட அமர்ந்ததில்லை. 2000 டிசம்பரில் கறுப்பினத்தவரான ரோஜர் கிரிகரியைச் செனட் கூடாத இடைவேளையில் கிளின்டன் தற்காலிகமாக நியமித்தார். அந்தப் பதவி தானாகவே காலாவதியாகி இருக்கும். புதிதாக வந்த புஷ் அதே கிரிகரியைத் தம் பெயராக மறுபடி முன்மொழிந்தார். 2001 ஜூலையில் 93–1. எதிர்க்கட்சி தேர்ந்தெடுத்தவரைத் தம் தேர்வாக ஏற்றுக்கொண்ட குடியரசுத் தலைவரின் அந்தச் செயலை, 2005 உடன்படிக்கையைவிட உயர்வாக நான் மதிக்கிறேன். அங்கே யாரும் யாருடைய ஆயுதத்தையும் பறிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 15

கார்லண்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2016 மார்ச் 16 அன்று ஒபாமா அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். விசாரணைகூட நடக்காமல் ஆண்டு முடிந்தது. இரு தரப்பும் ஏற்கக்கூடியவர் என்று கருதப்பட்ட ஒருவரைத் தேடிக் கொடுத்தாலே கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போனது. நடுவில் நிற்பவரைக் கொண்டுவருவதற்கும் உடன்பாட்டுக்கும் தொடர்பு குறைவு என்று ஆகஸ்ட் 3 இரவில் எழுதியதற்கு இது மறுபக்கச் சான்று. உச்ச நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் சொல்ல எனக்கு நம்பிக்கையான வார்த்தை இல்லை. என் கவலை முழுவதும் கீழ் நீதிமன்றங்களைப் பற்றியது.

கிரஹாமைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த சோட்டோமேயருக்கும் கேகனுக்கும் ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர் அவர். 2021இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனை டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஆதரித்தார். 2022இல் அதே ஜாக்சனை உச்ச நீதிமன்றத்துக்கு எதிர்த்தார். இடையில் இருந்தது பத்து மாதங்கள்தான்.

ஆகஸ்ட் 19

2024இன் இறுதியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தேர்தலுக்குப் பின் நவம்பரில் செனட்டில் ஏற்பட்ட ஒரு பேரம். பைடனின் மேல்முறையீட்டு வேட்பாளர்கள் நால்வரை ஜனநாயகக் கட்சியினர் வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதில்லை. பதிலுக்கு மாவட்ட நீதிபதிகள் பலருக்கான வாக்கெடுப்புகளைக் குடியரசுக் கட்சியினர் இழுத்தடிப்பதில்லை. அந்த நால்வருக்குப் போதிய வாக்குகள் தம்மிடம் இல்லை என்று ஜனநாயகக் கட்சியினர் சொன்னார்கள். பைடன் 235 நீதிபதிகளோடு முடித்தார். ஆனால் பேரத்தில் கைவிடப்பட்ட ஓர் இடம், ஆகஸ்ட் 14இல் நான் எழுதிய அதே ஜேம்ஸ் வின்னுடையது. ஹெல்ம்ஸ் தடுத்த அவர் ஒபாமா காலத்தில், 2010இல்தான் அங்கே அமர முடிந்தது. தமக்கு அடுத்து வர வேண்டியவருக்கு வழி அடைபட்டதும், முழுநேரப் பணியிலிருந்து விலகும் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குடியரசுக் கட்சியினர் கோபப்பட்டார்கள். அவர் செய்தது சரியா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நீதிபதி தம் ஓய்வு நாளைக் கட்சிக் கணக்கோடு பொருத்துவது கவலை தருகிறது. பத்தாண்டுக்கு மேல் வாசலில் நிறுத்தப்பட்டவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இரண்டாவதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. 1990க்குப் பிறகு பெரிய அளவில் நீதிபதி இடங்கள் கூட்டப்படவே இல்லை. 63 நிரந்தர மாவட்ட நீதிபதி இடங்களையும் மூன்று தற்காலிக இடங்களையும் 2025 முதல் 2035 வரை தவணைகளாக உருவாக்கும் ஒரு மசோதாவை இரு கட்சியினரும் சேர்ந்து எழுதினார்கள். கிழக்குக் கலிபோர்னியாவும் பட்டியலில் இருந்தது. அதன் நுட்பமெல்லாம் தவணையில்தான். அடுத்தடுத்த குடியரசுத் தலைவர்கள் நிரப்பப்போகும் இடங்கள் அவை. யார் வெல்வார்கள் என்று தெரியாத நிலையில் எவருக்கும் அநியாயம் இல்லை. 2024 ஆகஸ்டில் செனட் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அப்போதே எடுத்துக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். குடியரசுக் கட்சித் தலைமை காத்திருந்தது. நவம்பரில் டிரம்ப் வென்ற பிறகு, டிசம்பர் 12 அன்று 236–173 என்று நிறைவேற்றியது. முதல் தவணை யாருக்கு என்பது தெரிந்துவிட்டதால் ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் விலகினார்கள். டிசம்பர் இறுதியில் பைடன் மறுப்பாணை (வீட்டோ) போட்டார்.

அந்தக் காத்திருப்பு நியாயமற்றது. அதற்குப் பதிலாக வந்த மறுப்பாணையும் எங்கள் ஊருக்கு நியாயம் செய்யவில்லை. இரு தரப்புக்கும் அவரவர் வாதம் இருக்கிறது. ஃபிரெஸ்னோவில் தொப்பியை மடியில் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இரு வாதங்களும் ஒன்றே.

ஆகஸ்ட் 20

நேற்றைய குறிப்பைப் படித்த முதல் கேள்வியாளர், அப்படியென்றால் உடன்பாட்டுக்கு விதி வேண்டாம், அறியாமைதான் வேண்டும் என்கிறீர்களா என்று கேட்கிறார். பெருமளவு ஆம். 2005இன் பதினால்வரில் பலருக்கும் அடுத்த தேர்தல் உறுதியற்றது என்பதை மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நியூயார்க்கின் இரு செனட்டர்களுக்கும் அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்று தெரியாது. தெரியாதபோது மனிதர்கள் தங்களுக்கு நேர்ந்தால் தாங்கிக்கொள்ளக் கூடிய விதியை எழுதுகிறார்கள். ஆனால் அறியாமை மட்டும் போதாது. அந்த நேரத்தில் எழுதியதை உடனே கட்டிப்போடவும் வேண்டும். 2024இல் அந்தக் கட்டு ஆகஸ்டில் விழவில்லை.

ஆகஸ்ட் 24

கடந்த மாத இறுதியில், மாவட்ட நீதிபதிகளுக்கும் நீலச் சீட்டைக் கைவிடுமாறு டிரம்ப், மீண்டும் நீதிக் குழுத் தலைவராகியிருந்த கிராஸ்லிக்குப் பகிரங்கமாக நெருக்குதல் கொடுத்தார், கிராஸ்லி மறுத்துவிட்டார். 2017இல் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு அதைத் தளர்த்தியவரே அவர் என்பதால் சிலர் இதை நம்ப மறுக்கிறார்கள். எனக்கு அவர் நிலை புரிகிறது. மாவட்ட நீதிபதி பெரும்பாலும் அந்த மாநிலத்து மக்களின் வழக்குகளை அன்றாடம் கேட்பவர். அந்த மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சொல்லுக்கு அங்கே இடம் இருப்பது பொருத்தம். ஈஸ்ட்லாண்டின் நிழல் படாமல் அதைக் காக்க, காரணத்தை எழுத்தில் வெளியிடாத செனட்டரின் சீட்டுக்கு மதிப்பில்லை என்று குழுத் தலைவர் அறிவித்தாலே போதும் என்று நினைக்கிறேன். சீட்டை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு மௌனமாகத் தடுப்பதுதான் அதன் மிக மோசமான பயன்பாடாக இருந்திருக்கிறது.

நீதிபதி இடங்களுக்கான மசோதா இந்த ஆண்டு மீண்டும் தாக்கலாகி இருக்கிறது. அதை எதிர்ப்பவர்கள், இப்போது நிறைவேற்றினால் முதல் தவணை முழுவதும் தற்போதைய ஆட்சிக்கே போகும் என்கிறார்கள். சரியான எதிர்ப்பு. தீர்வும் அந்த எதிர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. முதல் தவணையை 2029 ஜனவரி 20க்குப் பின் தொடங்குமாறு தேதியை மட்டும் மாற்றி, இந்த அவையிலேயே வாக்கெடுப்பு வைக்கட்டும். அரசமைப்புப்படி டிரம்ப் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது. இரு கட்சிகளின் வேட்பாளர்களும் யாரென்று இன்று தெரியாது. 2024 ஆகஸ்டில் செனட்டுக்கு இருந்த அதே நிலை. எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கும் கலிபோர்னியாவின் இரு செனட்டர்களுக்கும் இதைக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த இழையைப் படிப்பவர்களில் டெக்சாஸ், ஃபுளோரிடா, டெலவேர் வாசிகள் இருந்தால், உங்கள் நீதிமன்றங்களும் முந்தைய மசோதாவின் பட்டியலில் இருந்தவை. உங்கள் செனட்டர்களுக்கு எழுதும்போது தேதியை மட்டும் கேளுங்கள். எண்ணிக்கையில் இரு கட்சிகளும் ஏற்கெனவே ஒத்துப்போய்விட்டன.